கர்ப்பம் ஆறாவது மாதம், வீடு சிக்னலுக்கு நேர் மேலே: அனுபவப்பட்டவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

தோழிகளே, எனக்கு இது முதல் குழந்தை. வீடு இரண்டாவது மாடி, மெயின் ரோட்டைப் பார்த்த ஜன்னல். காலையில் விளிம்பைத் துடைத்தால் சாயங்காலத்துக்குள் விரலில் ஒட்டுகிற மாதிரி கறுப்புத் தூசி மறுபடி படிந்துவிடுகிறது, கொடியில் போட்ட வெள்ளைத் துணியிலும் அதே கறை. கண்ணுக்குத் தெரிகிற இதைவிட, தெரியாத பிஎம் 2.5 துகள்கள்தான் (2.5 மைக்ரானோ அதைவிடச் சிறியதோ ஆன நுண்தூசி) நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கும், குழந்தை எடை குறைந்து பிறப்பதற்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் அவற்றோடு தொடர்பு உண்டு என்று படித்ததிலிருந்து மனசே சரியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு, 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். இங்கே பல நாள் அதைப்போல மூன்று மடங்கு காட்டுகிறது.

ஜன்னலைச் சாத்தினால் வெக்கை தாங்கவில்லை, கர்ப்பத்தில் அதிக வெப்பமும் ஆபத்துதான். திறந்தால் புகை. அப்புறம் ராத்திரி ஹாரன் சத்தம், தூக்கம் போய்விடுகிறது. டாக்டரிடம் பிரஷர், சுகர் எல்லாம் நார்மல். ஆனால் எங்கே குடியிருக்கிறேன் என்று ஒரு தடவைகூட கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

இப்போதைக்கு வீடு மாற வழியில்லை. நுண்தூசியைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் பியூரிஃபையர் படுக்கையறையில் வைத்தவர்கள் இருந்தால், நிஜமாகவே வித்தியாசம் தெரிந்ததா? எந்த நேரத்தில் ஜன்னல் திறப்பீர்கள்? என்95 மாஸ்க்கோடு பஸ்ஸில் பத்து நிமிடம் நின்றாலே எனக்கு மூச்சு முட்டுகிறது, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்றும் சொல்லுங்கள், ப்ளீஸ்.