காலை 6 மணிப் பாட்டு 5 மணிக்கே ஆரம்பிக்குது: எம்பிடி + எம்பிசி + க்ரான், உதவி வேணும்

வாழையிலைப்பையன் – செவ்வாய், காலை 7:05

வணக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியா பக்கம் மாமா சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கார். கடைக்குப் பாட்டுப் போடறது என் பொறுப்பு. முன்னெல்லாம் பென்டிரைவைச் சொருகி ஓட்டினோம். திரும்பத் திரும்ப அதே 40 பாட்டு. சமையல்காரரே கையெடுத்துக் கும்பிட்டுட்டார். அதனால பழைய ராஸ்பெர்ரி பை 4ல (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்) எம்பிடிங்கற பாட்டு ஓட்டற மென்பொருளைப் போட்டு, க்ரான் (குறிச்ச நேரத்துக்குக் கட்டளையை ஓட்டறது) வழியா எம்பிசி (எம்பிடிக்கு உத்தரவு அனுப்பறது) கட்டளை ஓடற மாதிரி செஞ்சேன். திரை கிடையாது, மவுஸ் கிடையாது. கல்லாவுக்குக் கீழ ஒரு பிஸ்கட் டின்ல கிடக்கு. வீட்டுலேர்ந்து நெட் வழியா எஸ்எஸ்எச்ல நுழைவேன்.

ஜனவரியில 6 மணின்னு எழுதினேன், மதியம் 2 மணிக்குச் சாமி பாட்டு வந்துச்சு. சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் நிமிர்ந்து பார்த்தாங்க. சரின்னு 8 மணி நேரம் பின்னால தள்ளி 22ன்னு மாத்தினேன். ரெண்டு மாசம் ஒரு குறையும் இல்ல. நேத்து திங்கள் காலையில 5 மணிக்கே ஆரம்பிச்சிடுச்சு. இன்னிக்கும் அப்படித்தான். மேல்மாடி ஆள் மாமாவுக்குப் போன் போட்டுத் திட்டிட்டார். சத்தியமா நான் எதையும் தொடலை.

க்ரான் வரி (முதல்ல நிமிஷம், அடுத்தது மணி, கடைசி நட்சத்திரம் கிழமை):
0 22 * * * எம்பிசி லோட் காலை, எம்பிசி ப்ளே

கைபேசியில தமிழ்ல அடிக்கிறேன், பெட்டியில ஆங்கிலத்துலதான் இருக்கு.

செந்தூல்காரன் – 7:21

பை 4ல பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாதுண்ணே. கரன்ட் போய் வந்திருக்கும், நெட் இல்லாம பழைய நேரத்துலயே எழுந்திருக்கும்.

வாழையிலைப்பையன் – 7:26

கரன்ட் போகலை. ஃபிரிட்ஜ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

கறுப்புத்திரை – 7:34

கரன்ட் போயிருந்தா 17 நிமிஷம், 43 நிமிஷம்னு கோணல்மாணலா பிசகும். கச்சிதமா ஒரு மணி நேரம் பிசகுதுன்னா அது வேற விஷயம். தம்பி, உள்ள போய் டேட்னு மட்டும் அடிச்சு, வர்ற வரியைப் போடுங்க.

வாழையிலைப்பையன் – 7:41

இங்க 7:40. அது செவ்வாய் 00:40ன்னு காட்டுது, பக்கத்துல பிஎஸ்டின்னு இருக்கு. பங்களாதேஷ் நேரமா?

கறுப்புத்திரை – 7:58

பங்களாதேஷ்னா 5:40ன்னு இருக்கும். இது பிரிட்டிஷ் கோடை நேரம். ராஸ்பெர்ரி பை பிரிட்டன்காரங்க பெட்டி. நிறுவும்போது நாம மாத்தலைன்னா நேர மண்டலம் லண்டன்னுதான் இருக்கும். குளிர்காலத்துல லண்டனுக்கும் நமக்கும் 8 மணி நேரம், அதனாலதான் உங்க 22 கணக்கு ஒத்துப்போச்சு. மார்ச் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளிட்டாங்க. அவங்க 22 மணி இப்ப நமக்குக் காலை 5. அக்டோபர் கடைசியில தானா 6க்குத் திரும்பிடும், ஆனா அதுவரைக்கும் மேல்மாடி ஆள் பொறுக்கமாட்டார்.

டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் போட்டு ஆசியா/கோலாலம்பூர்னு கொடுங்க. முன்னால சூடோ (நிர்வாகி அனுமதி) வேணும். கோலாவுக்கும் லம்பூருக்கும் நடுவுல அண்டர்ஸ்கோர், இடைவெளி விட்டா ஏத்துக்காது. பினாங்குன்னு தனியாத் தேடாதீங்க, கிடையாது. அப்புறம் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் க்ரான். இதை விட்டா க்ரான் பழைய மண்டலத்தையே பிடிச்சுக்கிட்டு நிக்கும். கையோட 22ஐ 6ன்னு மாத்திடுங்க, இல்லேன்னா இன்னிக்கு ராத்திரி 10 மணிக்குச் சாமி பாட்டு.

பழையரேடியோ – 8:10

1982 ஜனவரி 1ல நம்ம தீபகற்பத்துலயும் கடிகாரத்தை அரை மணி முன்னால தள்ளினாங்க. அப்ப திருத்த எங்க வீட்டுல ஒரே ஒரு சுவர்க் கடிகாரம். தொடருங்க.

வாழையிலைப்பையன் – 9:15

செஞ்சுட்டேன், டேட் சரியாக் காட்டுது. வெள்ளிக்கிழமைக்கு அம்மன் பாட்டுன்னு தனி வரி இருக்கு. 5ன்னு போட்டா சனிக்கிழமை வந்துச்சு, அதனால 4ன்னு வெச்சேன். அதைத் தொடணுமா? இன்னொண்ணு, அன்னிக்கு ரெண்டு பட்டியலும் கலந்து வருது. 12 மணிக்குச் சாப்பாட்டு நேரப் பட்டியல் வரணும், ஆனா காலைப் பாட்டுதான் ஓடிக்கிட்டே இருக்கு.

கறுப்புத்திரை – 9:40

ஆமா, வெள்ளி காலை 6 மணிக்கு லண்டன்ல இன்னும் வியாழன் ராத்திரி. இப்ப 5ன்னே போடுங்க. தினசரி வரியில கடைசி நட்சத்திரத்துக்குப் பதில் 0-4,6 (ஞாயிறு 0, சனி 6). அப்பதான் வெள்ளியன்னிக்கு ரெண்டு வரியும் ஒண்ணா ஓடாது.

பட்டியல் விஷயம் நிறையப் பேர் இடறி விழற இடம். லோட்னா பழசை எடுத்துட்டுப் புதுசை வைக்கறதுன்னு நினைக்கிறோம். அது வரிசையோட வால்ல கொண்டுபோய் ஒட்டும், அவ்வளவுதான். உங்க பெட்டியில ரெண்டு மாசமா வால் நீண்டுக்கிட்டே இருக்கு. எம்பிசி பிளேலிஸ்ட்னு அடிச்சுப் பாருங்க, அசந்துடுவீங்க. எப்பவும் இந்த வரிசையிலதான்:

எம்பிசி கிளியர்
எம்பிசி வால்யூம் 40
எம்பிசி லோட் காலை
எம்பிசி ப்ளே

இந்த நாலையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்ல எழுதி, பட்டியல் பேரையும் சத்த அளவையும் வெளியிலேர்ந்து கொடுக்கற மாதிரி வெச்சுக்குங்க. க்ரான்ல மூணு வரியும் அதையே கூப்பிடட்டும்.

இன்னும் ஒண்ணு. எம்பிடி அமைப்புக் கோப்புல ரீஸ்டோர்_பாஸ்டுங்கறதை எஸ்னு வைங்க. இல்லேன்னா கரன்ட் போய் வந்தா, போறதுக்கு முன்ன ஓடின பாட்டைத் தானாத் தொடரும். நடுராத்திரி 3 மணிக்கும் தொடரும்.

வாழையிலைப்பையன் – 9:52

பிளேலிஸ்ட் போட்டேன், திரை ஓடி முடிய ஒரு நிமிஷம் ஆச்சு. கடைசியா ஒண்ணுண்ணே. பக்கத்துல கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மஃரிப் (அந்தித் தொழுகை) பாங்கு சொல்றப்ப மாமா பாட்டை நிறுத்தச் சொல்வார். அந்த நேரம் நாளுக்கு நாள் நகருது, க்ரான்ல எப்படி எழுதறது?

செராஸ்காரி – 10:20

க்ரான்ல எழுதாதீங்க தம்பி. கல்லாவுல உட்கார்றவர் கைபேசியில ஏதாவது ஒரு எம்பிடி செயலி போட்டுக் கொடுங்க, போர்ட் 6600. அமைப்புக் கோப்புல லோக்கல்ஹோஸ்ட்னு இருந்தா வெளியிலேர்ந்து நுழையாது, கடை வைஃபைக்குத் திறக்கணும். திறக்கறப்பவே கடவுச்சொல்லும் வைங்க. எங்க கடையில வைக்காம விட்டேன். பரோட்டாவுக்குக் காத்திருந்த பசங்க வரிசையையே மாத்திட்டாங்க.

கட்டளையாத்தான் வேணும்னா எம்பிசி பாஸ் போடுங்க, டாகிள் வேண்டாம். ஏற்கெனவே நின்னுருந்தா டாகிள் பாட்டைக் கிளப்பிவிட்டுடும், அதுவும் பாங்கு நேரத்துல.

வாழையிலைப்பையன் – புதன், காலை 6:14

சரியா 6 மணிக்கு வந்துச்சு. சத்தம் 40 போதும்னு மாமாவே சொல்லிட்டார். மேல்மாடி ஆள் இப்ப கீழ வந்து பசியாறிக்கிட்டு இருக்கார். காசு வாங்க வேணாம்னு மாமா கண்ணைக் காட்டிட்டார்.