எக்ஸாஸ்ட் ஃபேன் வழியே வெளிச்சம்: இருட்டறைக்கு என்ன செய்வது?

கோவை_கறுப்புவெள்ளை:
குளியலறையை இருட்டறையாக்கிக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பிரிண்ட் போடுகிறேன். மேற்குச் சுவரில் 9 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். மாலையில் இறக்கைகளின் இடுக்கு வழியே வெயில் மினுக்மினுக்கென்று டிரே மேலேயே விழுகிறது. அட்டை வைத்து மறைத்தால் ஃபேன் முனகுகிறது, பிக்ஸர் (படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனக் கரைசல்) நெடி மூக்கில் ஏறுகிறது. வழி உண்டா?

இரவுப்பறவை:
எட்டு மணிக்கு மேல் வேலை செய்யுங்கள். செலவே இல்லை.

பழைய_ஸ்டுடியோக்காரன்:
தெருவிளக்கு இல்லாத ஊரில் இருப்பவர் சொல்லும் யோசனை!

தம்பி, காற்று வளைந்து போகும். வெளிச்சம் நேரேதான் போகும், திரும்ப வேண்டுமானால் எதிலாவது பட்டுத் தெறிக்க வேண்டும். அதுதான் நமக்குப் பிடி. ஃபேனுக்கு வெளிப்பக்கம் பிளைவுட் பெட்டி அடியுங்கள். உள்ளே இரண்டு தடுப்புப் பலகைகள்: காற்று முதலில் கீழே இறங்கி, முதல் பலகைக்கு அடியில் நுழைந்து மேலே ஏறி, இரண்டாவதைத் தாண்டி மறுபடி இறங்கி வெளியேற வேண்டும். வாய் தரையைப் பார்த்திருந்தால் மழையும் ஏறாது. உட்புறம் முழுக்கக் கரும்பலகைப் பெயிண்ட். பளபளக்கும் எனாமல் கறுப்பு வேண்டவே வேண்டாம். பளபளப்பில்லாத கறுப்பு, பட்ட வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்தைத் திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொண்டாலும், மூன்று இடத்தில் பட்டால் எட்டாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

பலரும் கோட்டைவிடுவது அளவில். 9 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 64 சதுர அங்குலம். பாதை எந்த இடத்திலும் அதற்குக் குறையக் கூடாது. பெட்டி 12 அங்குல அகலம், ஒவ்வொரு பாதையும் 6 அங்குலம் என்றால் 72 வரும். திருப்பங்களில் காற்று திணறும், அதனால் இன்னும் தாராளமாக வைத்தாலும் தப்பில்லை. பெட்டி ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீட்டும். ஆங்கிள் இரும்பு கொடுத்துத் தாங்குங்கள்.

கோவை_கறுப்புவெள்ளை:
நன்றி ஐயா. கதவை மூடினால் இப்போதே ஃபேன் இழுப்பது குறைகிறதே?

பழைய_ஸ்டுடியோக்காரன்:
உள்ளே வர வழியில்லாத காற்று எப்படி வெளியே போகும்? கதவின் கீழ்ப்பகுதியிலும் இதே அளவில், இதே மாதிரி வளைவுப் பாதை வையுங்கள். ஃபேனைத் திருப்பி மாட்டி உள்ளே ஊதச் செய்தால் தூசி குறையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நெடி வீட்டுக்குள் போகும். சமையலறையிலிருந்து வரும் ஏச்சை நீங்கள்தான் வாங்க வேண்டும். டெவலப் ஆவதை நிறுத்தும் ஸ்டாப் பாத் கரைசலின் அமிலம் பிக்ஸரில் சேர்ந்தால் கந்தக டைஆக்சைடு கிளம்பும். தாளை நன்றாக வடியவிட்டு மாற்றினாலே பாதி நெடி அடங்கும்.

திருச்சி_35மிமீ:
முடித்ததும் வெயில் நேரத்திலேயே சோதியுங்கள். சிவப்பு விளக்கை அணைத்து, ஃபேனை ஓடவிட்டு, பிரிண்ட் தாளின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்து நிமிடம் வைத்து, பிறகு டெவலப் செய்யுங்கள். வெள்ளை வட்டம் தெரிந்தால், நாணயத்தைச் சுற்றி வெளிச்சம் பட்டுத் தாள் கறுத்திருக்கிறது, எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பெரும்பாலும் பெட்டியும் சுவரும் சேரும் விளிம்புதான், சிலிக்கான் பூசுங்கள். பெட்டி வாயில் கம்பிவலை அடிக்க மறக்காதீர்கள், குளவி கூடு கட்டிவிடும். வலையில் ஒட்டடை சேர்ந்தால் பழையபடி முனகல்தான், அவ்வப்போது தட்டிவிடுங்கள்.