ஹெடர் ஆசிரியர் தரப்பு நினைவுக்குறிப்பு தேவை

ரஷ்யப் பேரரசின் லிதுவேனிய, பெலாரூஸ் ஊர்களில் இருந்த ஹெடர் என்னும் யூத சமயப் பள்ளிகளில் பிள்ளைகள் வாங்கிய அடி பற்றித் தமிழில் கட்டுரை எழுதி வருகிறேன். காலம் 1880 முதல் 1914 வரை. கிடைப்பதெல்லாம் மாணவர் தரப்பு மட்டுமே, அங்கேதான் வேலை நிற்கிறது.

மெலமெட் எனும் ஹெடர் ஆசிரியரின் வீட்டு அறையே வகுப்பு. மூன்று, நான்கு வயதுப் பையன்கள் நாள் முழுக்க பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். எழுத்தைத் தப்பாக வாசித்தால் கான்ச்சிக் விழும்: குட்டையான மரப்பிடி, நுனியில் தோல்வார்கள். மெலமெடுக்கு ஊர்ச் சம்பளம் கிடையாது. அரையாண்டுப் பருவத்துக்கு ஒருமுறை பெற்றோர் தரும் கட்டணம்தான் பிழைப்பு. இந்த வறுமை அடியை விளக்கலாம், நியாயப்படுத்தாது. ஆனால் அதை மெலமெடுகள் வாயாலேயே கேட்க வேண்டும்.

நியூயார்க் பொது நூலகம் இணையத்தில் வைத்துள்ள யிஸ்கோர் நூல்களில், அதாவது அழிந்த யூத ஊர்களின் நினைவு நூல்களில், தேடினேன். ஊருக்கு ஊர் ஹெடர் பக்கங்கள் உண்டு, எழுதியவர்கள் பழைய மாணவர்கள். யிவோ எனும் யூத ஆய்வு நிறுவனம் 1932, 1934, 1939இல் நடத்திய தன்வரலாற்றுப் போட்டிகள் இளைஞர்களுக்கானவை, காலமும் பிந்தியது.

மெலமெடோ, பெல்ஃபர் எனும் உதவியாளரோ தானே எழுதிய நினைவுக்குறிப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பில் எது இருக்கிறது?