சீமைக் கருவேலம் பிடுங்கச் சென்ற மாணவர்கள்: மறக்க முடியாத ஒரு நாள்

வேதாரண்யத்து மாணவி:
கஜா புயலுக்கு அடுத்த ஆண்டு, மழை ஓய்ந்ததும், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கோடியக்கரைக்குச் சென்றோம். வெளிமான் மேயும் புல்வெளியில் முளைத்திருந்த சீமைக் கருவேலங்கன்றுகளைப் பிடுங்குவதுதான் வேலை. மூன்றாம் நாள் காலையில், காய்ந்து கிடந்த மட்டக்குதிரை இலத்தி ஒன்றைக் காலால் புரட்டினேன். விதைத்தோலைத் தலையில் சுமந்தபடி பதினொரு முளைகள் அதனுள்ளிருந்து எட்டிப் பார்த்தன. சீமைக் கருவேல நெற்றைத் தின்ற குதிரை போகுமிடமெல்லாம் விதைத்துவிட்டுப் போகிறது என்றும், மாடும் அப்படித்தான் என்றும் உடன் வந்த காவலர் சொன்னார். சிறுமியாக இருந்தபோது கோடை விடுமுறை முழுவதும் அம்மாச்சி வீட்டு மாட்டுக்கு அந்த நெற்றைக் கூடை கூடையாகப் பொறுக்கிப் போட்டவள் நான். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கண்மாய்க்கரை ஆசிரியர்:
தங்கை வருந்துவது புரிகிறது. ஆனால் பிடுங்குவதே புண்ணியம் என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஊர்க் கண்மாயில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு நானும் அப்படித்தான் இறங்கினேன். சாய்த்த மரத்தின் உச்சியில் கொக்குக் கூடு இருந்ததை யாரும் பார்க்கவில்லை. இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் சேற்றில் விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு மாணவி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "நாட்டுக் கருவேலம் வளரும்வரை இவை எங்கே போகும் ஐயா?" என்று கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஓய்வுபெற்ற வனக்காவலர்:
ஆசிரியர் ஐயா கண்மாயையும் புல்வெளியையும் குழப்புகிறார். வெளிமானுக்குப் பெயரிலேயே வெளி இருக்கிறது. தூரத்துப் பகையைக் கண்டு ஓடித் தப்பும் விலங்குக்குப் புதர் என்பது பொறி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மரங்களைத் தரையோடு வெட்டிவிட்டு மார்தட்டினேன். அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையிலும் ஐந்தாறு கிளைகள் நின்றன. ஆகவே பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் மண் ஈரமாக இருக்கும்போது செல்லுங்கள். சாண் உயரக் கன்றாக இருக்கும்போதே வேரோடு எடுங்கள். வளர்ந்த மரமென்றால் தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே தோண்டுங்கள். முள் ரப்பர்ச் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஆள்காட்டி வெறுந்தரையில்தான் முட்டையிடும் என்பதால், அது தலைக்கு மேல் கத்தினால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். மண்ணில் புதைந்த விதை பல ஆண்டுகள் காத்திருக்கும். ஒரு முகாமோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பயனில்லை. பிடுங்கிய இடத்தில் வேம்பு நடுகிறேன் என்று கிளம்புபவர்களைத் தடுங்கள், அது புல்வெளி.

வேதாரண்யத்து மாணவி:
ஐயா, நான் யோசனை கேட்டு எழுதவில்லை. போன பொங்கலுக்கு அம்மாச்சி வீட்டுக்குச் சென்றேன். கொட்டகைக்குப் பின்னால், எருக்குழியை ஒட்டி ஏழு மரங்கள் நின்றன. வெட்டிவிடலாமா என்றேன். "வெட்டிட்டா அடுப்புக்கு எதை வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அம்மாச்சி அந்த விறகிலேயே எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார்.