கச்சான் வெயிலில் பூசணிப் பிஞ்சுகள் மஞ்சளாகி விழுகின்றன

கேள்வி: நிலாவெளி வாசகி

வணக்கம் உறவுகளே. சித்திரைக் கடைசியில் எங்கள் வளவில் ஊன்றிய ஆறு பூசணிக் கொடிகளும் கிணற்றடியிலிருந்து வேலி வரை செழிப்பாகப் படர்ந்துள்ளன. ஆண்பூக்கள் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மலர்கின்றன. பெண்பூவோ வாரத்துக்கு இரண்டு மூன்றுதான். அவற்றின் அடியிலுள்ள தேசிக்காய் அளவுப் பிஞ்சும் நான்காம் ஐந்தாம் நாளில் மஞ்சளாகிச் சுருங்கி, கை பட்டவுடன் கழன்றுவிடுகிறது. சமையலை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவியும் பார்த்தேன், பலனில்லை. பசளை போதாது என்று ஒருவர் சொன்னதால் யூரியாவும் இட்டேன். இதுவரை ஒரு காய்கூடப் பிடிக்காதது பெரிய மனவருத்தமாக இருக்கிறது.

பதில்: தம்பலகாமம் தோட்டக்காரர்

தங்கச்சி, கொடியில் குறை எதுவும் இல்லை. நேரம்தான் தவறிப் போகிறது. பூசணிப் பூ விடியும்போது விரிந்து முற்பகலிலேயே கூம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்திலும் மகரந்தத்தின் உயிர்ப்பு வெயில் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். கச்சான் என்னும் சூடான தென்மேற்குக் காற்று வீசும் இந்த மாதங்களில் திருகோணமலையில் பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொடுகிறது. எனவே ஒன்பது மணிக்கு நீங்கள் தடவியது பெரும்பாலும் வலுவிழந்த மகரந்தமாகத்தான் இருந்திருக்கும். காற்று பலமாக வீசுவதால் மகரந்தம் தானாகச் சேர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பூசணியின் மகரந்தமணி பெரியது, பசைத்தன்மையுள்ளது. அதைத் தேனீயோ வண்டோ கொண்டு சேர்த்தால்தான் உண்டு. பலத்த காற்றிலும் கடும் வெயிலிலும் தேனீக்களின் வரவும் குறைந்துவிடும்.

எனது வழக்கத்தைச் சொல்கிறேன். மறுநாள் விரியப் போகும் மொட்டின் நுனி முதல்நாள் மாலையிலேயே மஞ்சளாகத் தெரியும். அப்படிப்பட்ட ஆண் மொட்டுகள் நான்கைந்தை நீண்ட காம்புடன் வெட்டி, ஒரு குவளைத் தண்ணீரில் இட்டு, வீட்டுக்குள் குளிர்ச்சியான மூலையில் வைத்துவிடுவேன். அவை விடியற்காலையில் அங்கேயே விரியும். தோட்டத்துச் சூடு அவற்றைத் தீண்டாது. ஆறரை மணிக்கு முன்பே இதழ்களை உரித்து, நடுவிலுள்ள மகரந்தத் தண்டை மட்டும் விட்டு, பெண்பூவின் நடுவில் மடிந்து திரண்டிருக்கும் மூன்று பிரிவுகளிலும் மஞ்சள் தூள் கண்ணுக்குத் தெரியும்வரை மெதுவாக உருட்டித் தடவுவேன். ஒரு பெண்பூவுக்கு ஓர் ஆண்பூ போதும் என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்றாவது வேண்டும். உள்ளே உருவாகும் ஒவ்வொரு விதைக்கும் தனித்தனி மகரந்தமணி தேவை. அது போதாவிட்டால் காய் பிடித்தாலும் ஒருபக்கம் சூம்பிப்போகும். பூவுக்குள் தண்ணீர் படவே கூடாது, ஏனெனில் நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகிவிடும்.

யூரியாவை உடனே நிறுத்துங்கள். அது இலையையும் தண்டையும் வளர்த்துப் பெண்பூ வருவதைத் தாமதப்படுத்தும். நீண்ட பகலும் சூடும் ஆண்பூவின் பக்கமே சாயச் செய்யும் நாட்களில் அதையும் சேர்ப்பது கொடிக்கு நல்லதல்ல. மிஞ்சும் ஆண்பூக்களை வறை செய்யலாம். எங்கள் வீட்டில் அதற்கு நல்ல கிராக்கி.

பதில்: மூதூர் விவசாயி

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால், விழும் பிஞ்சுகளை எறிவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மகரந்தம் சேராத பிஞ்சு பூ இருந்த முனையிலிருந்து மஞ்சளாகித் தோல் சுருங்கும். உள்ளே புழு இருக்காது. தோலில் ஊசி குத்தியதுபோன்ற புள்ளியும் அதில் பிசின் துளியும் தெரிந்து, வெட்டினால் வெண்புழு நெளிந்தால், அது பழ ஈயின் வேலை. அதற்கு எத்தனை பூவைத் தடவினாலும் பயனில்லை. காய் பிடித்தது உறுதியானவுடன் கடதாசிப் பையால் தளர்வாக மூடிக் கட்ட வேண்டும். புழு விழுந்தவற்றை ஆழப் புதைக்க வேண்டும்.

இன்னொன்று, பகல் வெப்பம் 32 பாகையைத் தாண்டி இரவும் இறங்காவிட்டால், மகரந்தம் சரியாகச் சேர்ந்தாலும் கொடி சில பிஞ்சுகளைக் கைவிடும். ஆகவே தடவி முடித்த பூவுக்கு மேற்குப் பக்கமாக, பின்னிய தென்னோலைக் கிடுகு ஒன்றைச் சாய்த்து நிறுத்துங்கள். பிற்பகல் வெயில் பிஞ்சில் நேராக விழாது. அடியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பினால் உங்கள் மணல் நிலம் கொதிக்காது. நண்பகலில் இலை வாடுவது இயல்பு. காலையிலும் வாடியிருந்தால்தான் நீர் குறைவு என்று கொள்ளுங்கள். பூச்சிமருந்து தெளித்தே ஆக வேண்டுமென்றால் பூக்கள் கூம்பிய பின், பொழுதுபட்ட நேரத்தில் தெளியுங்கள். காலையில் தெளித்துத் தேனீயைக் கொன்றுவிட்டுக் காய் இல்லை என்று கவலைப்படும் தோட்டங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நிலாவெளி வாசகி

மிக்க நன்றி அண்ணா, ஐயா. விழுந்த ஐந்து பிஞ்சுகளை வெட்டிப் பார்த்தேன். நான்கில் எதுவுமில்லை, ஒன்றில் மட்டும் புழு இருந்தது. இரண்டு கிழமையாக மாலையில் மொட்டு வெட்டி, விடிய எழுந்து தடவி வருகிறேன். தடவிய ஏழு பூக்களில் மூன்று பிடித்துவிட்டன. முதலாவது காய் இப்போது தேங்காய் அளவில், காம்பு தடித்து, கிடுகின் நிழலில் கிடக்கிறது. அடுத்த முறை எப்போது ஊன்றினால் இந்தச் சிரமம் குறையும்?

தம்பலகாமம் தோட்டக்காரர்

மிகுந்த சந்தோஷம் தங்கச்சி. விதை ஊன்றி ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் பெண்பூ வரும். ஐப்பசியில் ஊன்றினால் பூக்கும் காலம் மாரி மழையில் அகப்பட்டு, தேனீயும் வராது, மகரந்தமும் நனைந்துவிடும். மழை ஓயத் தொடங்கும் தை மாத நடுப்பகுதியில் ஊன்றுங்கள். பங்குனி நடுப்பகுதிக்குள் பெண்பூ வந்துவிடும், கச்சான் எழும்ப முன்பே காய் முற்றிவிடும். இப்போதுள்ள கொடிகளில், பிடித்த மூன்று காய்களையும் கவனமாக வளர்த்தெடுங்கள். காய் தாங்கும் கொடி புதிய பெண்பூக்களை உதிர்ப்பது வழக்கம் என்பதால், இனி விழுபவற்றுக்காக மனம் வருந்த வேண்டாம்.