1 எச்.பி. மோட்டாருக்கு எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர்?

வணக்கம். வேதாரண்யம் பக்கம் வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வாரக்கணக்கில் கரண்ட் இல்லை; இன்வெர்ட்டர் முதல் ராத்திரியே படுத்துவிட்டது. இந்த மழைக்காலத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், லைட், அப்புறம் 1 எச்.பி. போர் மோட்டார் ஓட வேண்டும். சிக்கல் மோட்டாரில்தான். ஓடும்போது ஆயிரம் வாட் சொச்சம் என்றாலும், கிளம்பும் நொடியில் நாலைந்து மடங்கு ஆம்பியர் இழுக்கும். கடைக்காரர் 2.5 கே.வி.ஏ. போதும் என்கிறார். ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டுப் போட்டால்கூடத் திணறும் என்றே எனக்குப் படுகிறது. இதே மோட்டாரை ஓட்டுகிறவர்கள் என்ன அளவு வைத்திருக்கிறீர்கள்?

அடுத்து இணைப்பு. எங்கள் எலக்ட்ரீசியன், வயரின் இரண்டு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் இன்னொன்றை வீட்டு சாக்கெட்டிலும் சொருகிவிடலாம், மெயினை அணைத்தால் போதும் என்கிறார். நல்ல வேலைக்காரர்தான், ஆனால் இதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஒருநாள் மெயினை அணைக்க மறந்தால், நம் 230 வோல்ட் தெரு டிரான்ஸ்பார்மரில் திரும்பி ஏறி 11,000 வோல்ட்டாகிவிடும். கம்பத்தில் இருக்கும் லைன்மேன் கதி?

அதனால் லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் வீட்டோடு சேரும்படி மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச்தான் வைக்கப்போகிறேன். வீட்டுக்கு வருவது மூன்று ஃபேஸ், ஜெனரேட்டரோ ஒரே ஃபேஸ். நியூட்ரலையும் சேர்த்து நாலு வயரையும் மாற்றும் நாலு போல் சுவிட்ச் வாங்கி ஜெனரேட்டர் பக்கம் மூன்று ஃபேஸ் முனைகளையும் ஒன்றாக இணைத்து லூப் செய்வதா, இல்லை அவசியமானவற்றை மட்டும் தனி போர்டுக்குப் பிரித்து இரண்டு போலில் முடிப்பதா?

புகை ஆபத்து என்பதால் ஜெனரேட்டரைக் கொல்லையில் திறந்த இடத்தில்தான் வைப்பேன். சாரல் படாமல் எப்படி மறைத்திருக்கிறீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.