காரில் ஜேபி: கியூஆர் ஒன்று போதுமா, வருகை அட்டை யாருக்கு?

யீஷூன்_செல்வம்:
வர்ற சனிக்கிழமை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வழியா காரில் ஜேபி (மலேசியாவின் ஜொகூர் பாரு) போறோம், ஞாயிறு ராத்திரி திரும்புவோம். மொத்தம் ஐந்து பேர். நானும் ரெண்டு பிள்ளைகளும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மனைவி பிஆர் (நிரந்தரவாசி), இந்திய பாஸ்போர்ட். அம்மா திருச்சியிலிருந்து விசிட் பாஸில் வந்திருக்காங்க. சிங்கப்பூருக்கு இதுதான் முதல் தடவை. ஐசிஏவோட (சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம்) மைஐசிஏ செயலியில் எல்லாரையும் ஒரே கியூஆரில் சேர்த்துட்டா போதுமா? மலேசியாவுக்குத் தனியா ஏதாவது நிரப்பணுமா?

கடற்பாலத்தான்:
கியூஆர் வேற, வருகை அட்டை (ஒரு நாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இணையத்தில் நிரப்புற படிவம்) வேற. 2024 மார்ச் 19-லிருந்து சோதனைச்சாவடியில் காட்டுற இந்த கியூஆர், சிங்கப்பூர் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டுறதுக்குப் பதில்தான். மலேசியப் பக்கம் இது செல்லாது. பாஸ்போர்ட்டுகளைப் பின்னாடி டிக்கியில் போட்டுடாதீங்க.

சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்) வழியா செயலி உள்ளே போனா உங்க விவரம் தானா வந்துடும். மத்தவங்களுக்குப் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தைக் கேமராவில் பிடிக்கணும். செயலி படிக்கிறது அடியில் << குறிகளோட இருக்கிற ரெண்டு வரியைத்தான். பளபளப்புத் தாளில் விளக்கு பட்டா அந்த வரி வெளுத்துடும். பிளாஷை அணைச்சுட்டு, மேசையில் சமமா வச்சு எடுங்க. எடுத்ததும் எண்ணை ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்க, பூஜ்யமும் ஆங்கில ஓவும் இடம் மாறியிருக்கலாம். ஒரு குழுவில் 10 பேர் வரை சேர்க்கலாம்.

அம்மா சாங்கியில் இதே பாஸ்போர்ட்டைக் காட்டித்தானே வந்தாங்க? அப்ப இனிமே அவங்களுக்கும் கியூஆர் ஓடும். முதல் வருகைக்கும், பாஸ்போர்ட் மாத்தின பிறகு வர்ற முதல் வருகைக்கும்தான் பாஸ்போர்ட் நீட்டணும்.

நாலு பேர் இருக்கிற காருக்கு சுமார் 20 வினாடி மிச்சமாகும்னு ஐசிஏ சொன்னது. கேட்க அற்பமாத்தான் இருக்கும். முன்னாடி 200 கார் நிக்கும்போது கணக்குப் போட்டுப் பாருங்க.

துவாஸ்_வழி:
மலேசிய எம்டிஏசி (அந்த நாட்டு மின்னியல் வருகை அட்டை) உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேண்டாம், சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. மனைவிக்கும் அம்மாவுக்கும் கட்டாயம். நிறைய பேர் சறுக்குறது இங்கேதான்: "பிஆர்தானே, விலக்கு இருக்கு"ன்னு நினைச்சுக்கறாங்க. அந்த விலக்கு மலேசிய பிஆருக்கு. சிங்கப்பூர் பிஆர் அங்கே வெறும் இந்திய பாஸ்போர்ட்காரர்தான்.

வந்து சேரும் நாளுக்கு மூணு நாள் முன்னாடியிலிருந்து நிரப்பலாம். பயண முறையில் தரைவழின்னு போட்டு, வாகன எண் கேட்கிற இடத்தில் கார் பிளேட் எண்ணைக் கொடுங்க. அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியா இருந்தா, பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் மட்டும் போதும். நம்ம ஊர் வழக்கப்படி இனிஷியலை ஒட்ட வைக்காதீங்க.

இதுக்குக் காசு கிடையாது. கார்டு எண் கேட்டா அது போலித் தளம், உடனே மூடிடுங்க. சிங்கப்பூர் வருகை அட்டைக்கும் (எஸ்ஜி வருகை அட்டை) இதே கதைதான்.

மார்சிலிங்_மீனா:
திரும்பி வர்றதைப் பத்தி யாரும் சொல்லலையே. அம்மா மறுபடி எஸ்ஜி வருகை அட்டை நிரப்பணும், சாங்கியில் கொடுத்தது அந்த வருகையோட முடிஞ்சது. வரும் நாளையும் சேர்த்து மூணு நாள், அதாவது ஞாயிறு வர்றதுக்கு வெள்ளியிலிருந்து அனுப்பலாம். மின்னஞ்சலைச் சரியாப் போடுங்க, புது விசிட் பாஸ் விவரம் அதுக்குத்தான் வரும். அவங்க விசா பலமுறை நுழைவுக்கானதான்னு கிளம்புறதுக்கு முன்னாடியே பாருங்க.

தரைவழி வர்றதால மனைவிக்கு இந்த அட்டை வேண்டாம். ஆனா மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகியிருக்கக் கூடாது. புது பாஸ்போர்ட் எடுத்திருந்தா முதல்ல அதை ஐசிஏவில் பதிவு செய்யுங்க.

ஞாயிறு ராத்திரி நெரிசலில் மணி பன்னிரண்டைத் தாண்டும்னு தோணினா, வரிசையில் நிக்கும்போதே யாராவது அம்மா அட்டையில் தேதியைத் திருத்திடட்டும். ரோமிங் டேட்டா இருக்கணும்.

யீஷூன்_செல்வம்:
நன்றிங்க. கடைசி நேரத்தில் பெரியவன் வரலைன்னா?

கடற்பாலத்தான்:
அவனை விட்டுட்டு நாலு பேருக்குப் புதுக் குழு போட்டு, அந்த கியூஆரைக் காட்டுங்க. அதிகாரி காருக்குள்ள ஒவ்வொரு முகமாப் பார்ப்பார், எண்ணிக்கை ஒத்து வரணும். கவுண்டர் வர்றதுக்கு முன்னாடியே போன் வெளிச்சத்தை முழுசா ஏத்தி, பின் கண்ணாடிகளையும் இறக்கி வச்சுடுங்க.